முன்னால் போகிறவன்

முன்னால் போகிறவனுக்கு வழி தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? எனக்குத் தெரியாது. திண்டுக்கல்லை விட்டு எந்தப் பக்கம் புறப்பட்டாலும் முதல் சைக்கிள் என்னுடையதாகத்தான் இருக்கும். ரோடு பிரியும் இடம் வந்தால் பின்னாலிருந்து யாராவது, "இடது பக்கம்! ஏலே, இடது பக்கம்!" என்று கத்துவார்கள். நான் இடது பக்கம் திரும்புவேன். என் பின்னால் மொத்தக் கூட்டமும் திரும்பும். இது என்ன ஏற்பாடு என்று குழப்பமாக இருந்தது உண்மைதான். ஆனால் முன்னால் போகிற சுகத்தில் அதையெல்லாம் யார் சட்டை செய்தார்கள்?

அறுபதுகளின் தொடக்கம் அது. எனக்குப் பதினேழு வயது. அந்தக் கோடையில் டைபாய்டு வந்து படுத்து, பிழைப்பேனா மாட்டேனா என்று வீடே பாயைச் சுற்றி உட்கார்ந்திருந்து, ஒருவழியாக எழுந்திருந்தேன். முடி கொட்டிவிட்டது. கால் இரண்டும் குச்சி. படிப்பு நின்றுபோயிற்று. பேகம்பூரில் எங்கள் தெரு பெரிய ரோட்டில் ஏறும் முனையில் அத்தாவின் தோல் மண்டி. ஊர் ஊராகச் சந்தைக்குப் போய் உப்புத் தோல் வாங்கிவருவதுதான் தொழில். அதற்கு சைக்கிளில் நாள் முழுக்க மிதிக்கிற கால் வேண்டும்.

"ஒட்டன்சத்திரம் தாண்டிப் போயிட்டு வர்ற தெம்பு வரட்டும். அப்பத் தொழில்ல சேத்துக்கிறேன். இல்லேன்னா மாமு கடையில போய் உக்காந்து துணி மடி" என்று அத்தா சொல்லிவிட்டார். மாமுவின் ஜவுளிக்கடை தஞ்சாவூரில் இருந்தது. மாமு நல்லவர்தான், ஆனால் அவர் கடையில் நிழலில் உட்கார்ந்து உட்கார்ந்து ஆட்கள் எல்லாரும் ஒரே மாதிரி வெளுத்து, ஒரே மாதிரி மெல்லப் பேசுவார்கள். எனக்கு அது வேண்டாம். மண்டியின் சத்தமும் வண்டிக்காரர்களின் சண்டையும் அத்தாவின் அதட்டலும்தான் எனக்கு வேண்டும். அத்தா சொன்ன அந்தத் தெம்புக்காகத்தான் நான் சைக்கிள் சங்கத்தில் சேர்ந்தேன்.

சங்கத்தை நடத்தியவர் கிறிஸ்தவப் பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர். மாதா கோயில் வாலிபர்களுக்காக ஆரம்பித்தது. வேறு யார் வந்தாலும் வராதே என்று சொல்ல மாட்டார்கள். என்னைக் கூட்டிக்கொண்டு போனவன் என் பள்ளித் தோழன். அவன் அப்பா வாத்தியார். சங்கத்திலேயே பலமான கால் அவனுடையதுதான். ஞாயிற்றுக்கிழமை காலைப் பூசை முடிந்து அவர்கள் வெளியே வரும்வரை நான் கோயில் மதிலோரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

டிரில் மாஸ்டருக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதையும் ஏன் என்று சொல்ல மாட்டார். பள்ளிக்கூட மைதானத்தில் இரண்டு வரிசை செங்கல் அடுக்கி, நடுவில் சைக்கிளை விடச் சொல்வார். கால் தரையில் படக்கூடாது. ஆனால் யார் கடைசியாக வந்து சேருகிறானோ அவன்தான் ஜெயித்தவன். நான் முதல் நாள் அம்பு மாதிரி போய் நின்றேன். கைதட்டல் வரும் என்று பார்த்தால் சிரிப்புதான் வந்தது. இன்னொரு பாடம், திரும்பிப் பார்ப்பது. நாம் ஓட்டிக்கொண்டிருக்கும்போது அவர் பின்னால் நின்று விரலைக் காட்டுவார். ஹேண்டில்பார் ஆடாமல் தலையை மட்டும் திருப்பி, எத்தனை விரல் என்று சொல்ல வேண்டும். என் தலை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் சைக்கிளும் போயிற்று. விரலை எண்ணி முடிப்பதற்குள் உயரம் தாண்டுகிற மணல்குழியில் கிடந்தேன். "நீ திரும்பியே பாக்காத" என்றார். அவ்வளவுதான் பாடம்.

முதல் தடவை கூட்டமாக வெளியே புறப்பட்டபோது அவர் எல்லாரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, என் கேரியரைப் பிடித்து இழுத்து வரிசைக்குத் தலையில் நிறுத்தினார். "நீ முன்னால போ" என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. வந்து சேர்ந்து இரண்டு வாரம் ஆகவில்லை, அதற்குள் முன்னாலா? என்னிடம் என்னத்தைக் கண்டார்? கேட்கவும் கூச்சம். மரியாதை கொடுக்கிறவரிடம் போய் ஏன் கொடுக்கிறீர்கள் என்று யாராவது கேட்பார்களா? எங்கள் பள்ளிவாசலில் முதல் வரிசையில் நின்று தொழுவதற்குத்தான் நன்மை அதிகம். சின்ன வயதில் சத்தம் போடுகிறான் என்று கடைசி வரிசைக்கு விரட்டப்பட்டு, அந்த முதல் வரிசையை எட்டி எட்டிப் பார்த்து வளர்ந்தவன் நான். கல்யாண வீட்டிலும் முதல் பந்திதான் பெரியவர்களுக்கு. முன்னால் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வீட்டுக்குப் போகாமல் நேரே மண்டிக்குப் போனேன். அத்தா தோலை உதறி அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அத்தா, என்னைய முன்னால விட்டிருக்காங்க."

"முன்னாலயா?" கையிலிருந்த தோலை வைத்துவிட்டு என்னைச் செத்த நேரம் பார்த்தார்.

"ஆமா. எல்லாருக்கும் முன்னால."

"சரி, நல்லதுதான். பாத்துப் போ" என்றார்.

மறுநாளிலிருந்து பார்க்க வேண்டுமே. உப்பு வியாபாரி வந்தால், "என் மகன் சைக்கிள் சங்கத்துல போறான். முன்னால போறான்." வண்டிக்காரரிடமும் அதே. தோல் வாங்க வெளியூரிலிருந்து வந்த மொத்த வியாபாரி, பாவம், அவர் பஸ் நேரத்தைப் பற்றிக் கேட்டார்; அவருக்கும் அதே பதில்தான். சிரிக்கவே காசு கேட்கிற மனுஷர் எங்கள் அத்தா. அவர் வாயால் இப்படிக் கேட்டுக் கேட்டு எனக்கு நடையே மாறிப்போயிற்று.

ஆனால் ரோட்டில் நடந்தவை ஒன்றுக்கொன்று ஒட்டவே இல்லை. நான் மெதுவாகப் போனால் எல்லாரும் மெதுவாக வந்தார்கள். சரி, கட்டுப்படுகிறார்கள் என்று நினைத்தேன். கொஞ்சம் வேகம் எடுத்தால் பின்னாலிருந்து விசில் அலறும். முன்னால் போகிறவனையே விசிலடித்து அடக்குவது யார்? திரும்பிப் பார்க்கக்கூடாது என்பதால் அது யார் என்றும் தெரியவில்லை. புளியமரத்தடியில் நின்றால் தண்ணீர் முதலில் எனக்கு. அது மரியாதை. கூடவே, "மூச்சு வாங்குதாடா? போதும்னா சொல்லு" என்று ஒருவன் கேட்பான். அது என்ன? கோபம்தான் வந்தது. "எனக்கு என்ன? நீங்கல்லாம் தண்ணி குடிச்சாச்சா?" என்று அதிகாரமாகத் திருப்பிக் கேட்பேன். எல்லாரும் சட்டென்று வயலைப் பார்ப்பார்கள். அந்த வயலில் அப்படி என்னதான் இருந்தது என்று நானும் எட்டிப் பார்த்திருக்கிறேன்.

எல்லாவற்றையும்விட எனக்கு மனசு கஷ்டமாக இருந்தது தோழனை நினைத்துத்தான். அத்தனை பலமான காலை வைத்துக்கொண்டு அவன் எப்போதும் கடைசி. தோளில் ஒரு காக்கிப் பை. பம்ப், ஸ்பேனர், பஞ்சர் ஒட்டும் சாமான் எல்லாம் அதில். சுமைதூக்கி மாதிரி அவனை வைத்திருக்கிறார்களே என்று டிரில் மாஸ்டர் மேல் எனக்கு ஆத்திரம். ஒருநாள் தனியாகக் கூப்பிட்டு அவன் தோளில் கையைப் போட்டுச் சொன்னேன்: "கவலப்படாதடா. நல்லா ஓட்டு. ஒரு நாள் ஒனக்கும் முன்னால எடம் கிடைக்கும்."

அவன் என்னைப் பார்த்தான். தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "ஒன் வாய்முகூர்த்தம் பலிக்கட்டும் மாப்ள" என்றான். பிறகு, "நீ முன்னால போறதுல ஒரே கஷ்டம், தோல் வாடை மொத்தமும் எங்களுக்குத்தான்" என்று சொல்லிச் சிரித்தான். அவன் பெரிய மனசை நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த வருஷம் மாதா தேர் வந்த சாயங்காலமும் நினைவிருக்கிறது. ஊர்வலம் பெரிய ரோட்டில் எங்கள் மண்டியைத் தாண்டித்தான் போகும். தோல் ஏற்றிய வண்டி ரோட்டில் ஏற முடியாமல் முனையிலேயே நின்றது. சிலுவை பிடித்தவர் போனார், பிள்ளைகள் போனார்கள், பெண்கள் மெழுகுவர்த்தியோடு போனார்கள். ஒவ்வொரு கூட்டம் போனதும் வண்டிக்காரர், "போலாமா மொதலாளி?" என்பார். "இரு, தேர் வரல" என்பார் அத்தா. பேண்டு வாத்தியம் போயிற்று. "போலாமா?" "தேர் வரலங்கறேன்ல." கடைசியாகத் தேர் வந்தது. அதைத் தொட்டுக்கொண்டு என் தோழன் வந்தான். இங்கேயும் இவனைக் கடைசியில்தானா விட வேண்டும் என்று எனக்குப் பாவமாக இருந்தது. தேர் தாண்டிப் போன பிறகுதான் அத்தா, "இப்ப எடு" என்று வண்டியை விட்டார்.

மழைக்காலம் முடிவதற்குள் என் கால் தேறிவிட்டது. செங்கல் வரிசையில் கால் ஊன்றாமல் நிற்கிற மாதிரியே ஓட்டப் பழகினேன். தலையைத் திருப்பினாலும் சைக்கிள் நேராகப் போயிற்று. அரையாண்டு லீவில் ஆயக்குடிக்குப் போவதாக டிரில் மாஸ்டர் சொன்னார். தோழனின் அத்தை வீட்டுக் கொய்யாத் தோப்பு அங்கே இருந்தது. ராத்திரி அங்கே தங்கி மறுநாள் திரும்புவது என்று ஏற்பாடு. ஆயக்குடி என்றால் ஒட்டன்சத்திரம் தாண்டி, கிட்டத்தட்டப் பழனி. அத்தா கேட்டதற்கு மேலேயே இருந்தது. சொன்னேன். "போயிட்டு வா. வந்தப்புறம் பேசுவோம்" என்றார். மாமுவுக்கு எழுதலாமா என்று அவர் என் அம்மாவிடம் கேட்டதையும் நான் காதில் வாங்கியிருந்தேன்.

புறப்படுகிற அன்று காலையில் தோழன் முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு வந்தான். பந்தாட்டத்தில் அடி. டிரில் மாஸ்டர் அவனை மேலும் கீழும் பார்த்தார். அவன் தோளிலிருந்த காக்கிப் பையைக் கழற்றி என் தோளில் மாட்டினார். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு விசிலை எடுத்து என் கழுத்தில் போட்டார். அவனிடம் "நீ முன்னால போ", என்னிடம் "நீ கடைசி".

இரண்டே வார்த்தை. என் முகத்தில் ஈயாடவில்லை. இத்தனை நாள் நான் ஆறுதல் சொல்லித் தேற்றியவன், முழங்காலைச் சாக்கு வைத்து என் இடத்தைப் பறித்துக்கொண்டு போகிறான்! அதோடு என்னை விசிலடித்து அடக்கியவனும் இவன்தான் என்று இப்போது தெரிந்தது. இன்றைக்குப் பார்த்தா இந்த அவமானம் என்று அழுகையாக வந்தது. அப்படியே வீட்டுக்குத் திரும்பியிருப்பேன். திரும்பினால் தஞ்சாவூர். பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன்.

ரெட்டியார்சத்திரம் வரை நான் யாரோடும் பேசவில்லை. இடது பக்கம் கொடைக்கானல் மலை கூடவே வந்தது, அதைக்கூடப் பார்க்கப் பிடிக்கவில்லை. வேண்டுமென்றே பின்தங்கினேன். டிரில் மாஸ்டர் வேகத்தைக் குறைத்து என் பக்கம் வந்தார். "இடைவெளி விடாத. எவன் நின்னாலும் நீ நிக்கணும். நீ ஒரு எடத்தத் தாண்டிப் போனேன்னா அங்க நம்ம ஆளு ஒருத்தனும் மிச்சம் இருக்கக்கூடாது" என்றார். அவர் வாயிலிருந்து அவ்வளவு நீளமாக ஒரு பேச்சு வந்ததே அதிசயம். எனக்கு அதுவும் வசவாகத்தான் கேட்டது.

ஒட்டன்சத்திரத்துக்கு முன்னால் ஒருவனுக்குச் செயின் கழன்றுவிட்டது. மற்றவர்கள் தெரியாமல் போய்க்கொண்டிருந்தார்கள். நான் எரிச்சலோடு விசிலை ஊதினேன். அத்தனை சைக்கிளும் நின்றன. எனக்குத் திக்கென்றது. நான் முன்னால் ஓட்டிய நாட்களில் நில் என்று கத்தியும் ஒருவனும் நின்றதில்லை. இப்போது கடைசியில் கிடந்து ஒரு ஊது ஊதினால் வரிசை மொத்தமும் நின்று என்னைத் திரும்பிப் பார்க்கிறது. செயினை மாட்டினேன், கை கரியாயிற்று, மறுபடி ஊதினேன், புறப்பட்டார்கள். யார் எனக்கு என்ன செய்கிறார்கள் என்று ஒன்றும் விளங்கவில்லை.

ஆயக்குடித் தோப்பில் தோழனின் மாமா கூடையோடு கொய்யாப்பழத்தைக் கொண்டுவந்து வைத்தார். எங்களை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஏனுங்க தம்பி, இத்தன தூரம் ஓட்டிட்டு வந்துட்டீங்க. இதுல கெட்டிக்காரரு யாருங்க?" என்று கேட்டார்.

தோழன் என்னைக் காட்டினான். "இந்தா, கடைசியா வந்தான்ல, அவன்தான்."

அவ்வளவுதான், எனக்குப் பொறுக்கவில்லை. கையில் கடித்த பழம் இருந்தது, அதை அவன்மேல் வீசினேன். "எடத்தயும் புடுங்கிட்டு நக்கல் வேற பண்றியா?" என்று சட்டையைப் பிடித்துவிட்டேன். அவன் திருப்பி அடிப்பான் என்று பார்த்தால், திருதிருவென்று விழித்தான்.

"எந்த எடத்த?"

"முன்னால!"

"மாப்ள," என்றான் மெதுவாக, "ஏலாதவனத்தான் முன்னால விடுவாக. அவன் வேகத்துக்கு மத்தவன் எல்லாம் போவான், அவனும் எல்லார் கண்ணு முன்னாலயே இருப்பான். யாரும் விட்டுப்போக மாட்டாக. கடைசி ஆளுதான் எல்லாரையும் கொண்டுவந்து சேக்குறவன். எங்க ஊர்வலத்துல தேர் எங்க வரும்? கடைசியிலதான?"

சட்டையை விட்டேன். தேர், வண்டி, தண்ணீர், மூச்சு வாங்குதா, வயலைப் பார்த்த முகங்கள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அவன் தோளில் கையைப் போட்டு நான் சொன்ன ஆறுதலும் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது.

"ஏன்டா அப்பவே சொல்லல?"

"நீ அம்புட்டு சந்தோஷமா இருந்த. எப்படிடா சொல்றது?"

அன்றைக்கு எனக்கு சந்தோஷப்பட வேண்டுமென்றுகூடத் தோன்றவில்லை. நான் தேறிவிட்டேன், அதைச் சங்கமே ஒப்புக்கொண்டுவிட்டது, எல்லாம் சரி. ஆனால் அத்தா? என் மகன் முன்னால் போகிறான் என்று உப்பு வியாபாரி வரைக்கும் சொல்லி வைத்திருக்கிறாரே. திரும்பும்போது பேகம்பூர் வழியாகச் சுற்றி, மண்டி முன்னால்தான் வருவோம். நான் கடைசியில் வருவதை அத்தனை பேரும் பார்ப்பார்கள். முன்னால் என்பதற்கு இன்னது அர்த்தம் என்று நான் விளக்கினால் அது இன்னும் மோசம். ஏலாதவன் என்று ஊர் முழுக்கத் தம்பட்டம் அடித்தது அவர்தான் என்று ஆகிவிடும். எப்படிப் பார்த்தாலும் அவருக்குத் தலைகுனிவு. அதன்பிறகு என்னைத் தஞ்சாவூர் பஸ் ஏற்றிவிட்டு அவர் மறுவேலை பார்ப்பார்.

மறுநாள் திரும்பி வரும்போது ரெட்டியார்சத்திரத்து டீக்கடையில் டிரில் மாஸ்டரிடம் போய் நின்றேன். "சார், பேகம்பூருக்குள்ள மட்டும் நான் முன்னால போறேன் சார்."

அவர் டீயைக் கீழே வைத்தார். என் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தார். "ஏன்டா, காய்ச்சல் அடிக்குதா?" என்றார், நிஜமான கவலையோடு.

"இல்ல சார்."

"அப்பப் பின்னால போ."

பேகம்பூர் முனை வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. மண்டி வாசலில் அத்தா நின்றார். பக்கத்தில் உப்பு வியாபாரியும் இருந்தார். தோல் ஏற்றிய வண்டி ரோட்டில் ஏறத் தயாராக நின்றது. எங்கள் வரிசையைப் பார்த்து வண்டிக்காரர் மாட்டை இழுத்துப் பிடித்தார். முன்னால் என் தோழன் நொண்டி மிதித்துக்கொண்டு போனான். உப்பு வியாபாரி அத்தாவைப் பார்த்தார். நான் ஹேண்டில்பாரைப் பார்த்தேன்.

"போலாமா மொதலாளி?" வண்டிக்காரர் குரல் கேட்டது.

"இரு."

இன்னும் சில சைக்கிள்கள் போயின. "பையன்கதான் போய்ட்டாங்கள்ல, போலாமா?"

"இருய்யா. என் மகன் இன்னும் வரல."

நான் தலையைத் தூக்கினேன். அத்தா வரிசையின் முன்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. கண்ணை இடுக்கிக்கொண்டு ரோட்டின் இந்தக் கோடியை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைத் தாண்டினேன். பின்னால் அவர் சொன்னது கேட்டது: "இப்ப எடு வண்டிய. என் மகன் வந்துட்டான், எல்லாரும் வந்தாச்சு."

அன்று ராத்திரி முழுக்க எனக்குக் குழப்பம் தீரவில்லை. மறுநாள் காலை மண்டியில் அத்தா சாக்கையும் கயிற்றையும் என் கேரியரில் வைத்துக் கட்டினார். "நெய்க்காரப்பட்டிச் சந்தைக்கு நீ போயிட்டு வா" என்றார். சந்தோஷத்தில் பேசாமல் கிளம்பியிருக்கலாம். கேட்டுவிட்டேன்.

"அத்தா, முன்னால விடுறது ஏலாதவனத்தான்னு ஒங்களுக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியாம என்ன? வருஷா வருஷம் தேரு பாக்குறேன். அந்த டிரில் மாஸ்டரயும் போய்க் கேட்டேன்."

"அப்புறம் ஏன் எல்லார்கிட்டயும் முன்னால போறான், முன்னால போறான்னு சொன்னீங்க?"

கயிற்று முடிச்சை இழுத்து இறுக்கினார். முடிச்சு சரியாகத்தான் இருந்தது, மறுபடியும் அவிழ்த்துக் கட்டினார்.

"பாயில கெடந்தவன்டா நீ. கடைசியாச் சுத்துற கஃபன் துணிக்குச் சொல்லிவிடவான்னு ஒன் மாமு என் காதுல வந்து கேட்டாரு. அப்படிக் கெடந்த புள்ள போறான்னு சொன்னேன். முன்னாலயா பின்னாலயான்னு எவன் கேட்டான்?"